ஆகப் பெரிய எழுத்து

எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை நான் திரேசம்மாக்காவுக்காகத்தான் வைத்தேன். பிறகு எல்லோரும் அது கனடாவில் இருக்கிற வயதுபோனவர்களுக்காக வைத்தது என்று சொன்னார்கள். சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. அறிக்கையை எழுதியவர் தலைவர் அமிர்தநாயகம். அவர் அந்தப் பொத்தானை ஒரு நாளும் அமத்திப் பார்த்ததில்லை.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மன்னார்ப் பட்டினத்தில், உப்புக்குளம் பக்கமாக, வஸீர் நானாவின் சாப்புக்கடைக்கு மேலே ஓர் அறை. இரண்டு கம்பியூட்டர், மூன்று கதிரை, ஓர் அலுமாரி, தலைவர், நான். அது 2009ஆம் ஆண்டின் தொடக்கம். வன்னிக்குள் அகப்பட்ட சனம் கொஞ்சம் கொஞ்சமாக முகாம்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வந்துகொண்டிருந்தது. யார் வந்தது, யார் வரவில்லை என்று பெற்றவர்களுக்கே தெரியாது. வந்தவர்களின் பெயர்களைக் கன்னியாஸ்திரிமாரும் தொண்டர்களும் துண்டுகளில் எழுதிக்கொண்டு வந்து தருவார்கள். நான் அவற்றைத் தட்டிச் சங்கத்தின் இணையத்தளத்தில் போடுவேன். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர். அவ்வளவுதான் என் வேலை. கனடாவிலும் பிரான்சிலும் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமிலும் இருந்து சனம் அதைத் திறந்து பார்த்தது.

தளத்தை அமைத்துத் தந்தவர் கொழும்பில் இருக்கிறார். அவருக்கு நல்ல கண் போலிருக்கிறது. எழுத்தை அரிசிக் குறுணி அளவுக்கு வைத்து, வேறொருவரும் மாற்ற முடியாதபடி இறுக்கிக் கட்டிவிட்டார். எங்கள் கந்தோர்க் கம்பியூட்டர்களோ அரதப் பழசு. ஆங்கிலம் என்றால் அந்த அளவிலும் வாசித்துவிடலாம். தமிழ் சுழியும் கொம்புமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எழுத்துக்கு மேலே வைக்கிற குற்று எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ரொறன்ரோவில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார்: தங்கச்சி, நீங்கள் போட்டிருப்பது பெயரா, எறும்பா என்று. தலைவரிடம் காட்டினேன். பேப்பரில் வருகிற எழுத்தும் இவ்வளவுதான், சனம் வாசிக்கவில்லையா என்று கேட்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். நானும் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் திரேசம்மாக்கா வந்தார். தோட்டவெளியில் இருந்து, செவ்வாய்க்கிழமை அந்தோனியார் பூசை முடித்துக்கொண்டு, செபமாலை இன்னும் கையில் கிடக்க, படியேறி வந்தார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயதிருக்கும். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கண்ணைப் பிடித்திருந்தது. ஒரே மகன் லோறன்ஸ், இரண்டாயிரத்தாறில் வன்னிப் பக்கத்து விடத்தல்தீவுக்கு வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன், பாதை பூட்டியதில் அந்தப் பக்கமே நின்றுபோனான். சண்டை கிழக்கே தள்ளத் தள்ள அவனும் சனத்தோடு சனமாகத் தள்ளுப்பட்டிருப்பான். கடைசியாக ஒரு கடிதம் வந்து ஒன்றரை வருடம்.

நான் உடனே தேடிப் பார்த்து, இன்னும் பெயர் வரவில்லை என்று சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். திரைக்கு முன்னால் அவரை இருத்தினேன். மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, திரும்பவும் குனிந்தார். ஒரு பெயரும் பிடிபடவில்லை. நான் வாசிக்கிறேன் அக்கா என்றேன். வேண்டாம் என்றார்.

அதற்கொரு காரணம் இருந்தது. எனக்கும் அது தெரியும், ஏனென்றால் நான் கீரி என்ற கரையூரில் பிறந்தவள். பதினொரு வருடத்துக்கு முன்னம் அவருடைய புருசன் கிறகரியின் உடலைக் கடல் எங்கள் கரையில்தான் கொண்டுவந்து போட்டது. எங்களுடைய ஆட்கள் செத்த செய்தியை நேரே சொல்ல மாட்டார்கள். சொன்னால் கேட்கிறவரின் நெஞ்சு வெடித்துவிடும் என்பார்கள். ஆகவே தோட்டவெளிக்கு ஆள் போய், கிறகரியண்ணன் கால் முறிந்து கீரியில் கிடக்கிறார், வாங்கோ என்றது. திரேசம்மாக்கா கஞ்சி காய்ச்சி சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, மாற்றி உடுக்கத் தோய்த்த சாரம் ஒன்றும் எடுத்துக்கொண்டு வான் வண்டியில் ஏறினார். வழி முழுக்கக் கூட வந்தவர்கள் எலும்பு முறிவுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். கீரியில் இறக்கி, ஒரு வீட்டில் இருத்தி, முதலில் தேத்தண்ணி குடியுங்கோ என்றார்கள். அது எங்கள் வீடு. தேத்தண்ணி கொடுத்தது என் அம்மா. கஞ்சியைச் சூட்டோடு கொடுக்கலாமோ, ஆற விட வேணுமோ என்று திரேசம்மாக்கா அம்மாவிடம் கேட்டார். அம்மா அடுப்படிக்குள் ஓடிவிட்டார்.

"எல்லாருக்கும் தெரியும் பிள்ளை. வான்காரனுக்கும் தெரியும். நான் ஒருத்திதான் கஞ்சிப் போத்தலோட நிண்டனான்" என்றார், என் திரைக்கு முன்னால் இருந்துகொண்டு. "இனி ஒருத்தற்ற வாயையும் நான் நம்பமாட்டன். எழுத்தில கிடந்தால், என்ர கண்ணாலை பாப்பன்."

நான் கணினி படித்தவள் இல்லை. தட்டெழுத்துப் படித்தவள். கொழும்புக்காரருக்கு ஈமெயில் போட்டேன். நாலு வரி கம்பியூட்டர்க் கட்டளை அனுப்பி, இதை இன்ன இடத்தில் ஒட்டுங்கள் என்றார். ஒட்டினேன். மொத்தப் பட்டியலும் காணாமல் போய்விட்டது. ஆயிரத்துச் சொச்சம் பெயரும் இல்லை. தலைவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மாதாவே, இவளை யார் இதில் கைவைக்கச் சொன்னது என்று கேட்டார். இரண்டு நாள் மாரடித்து ஒருவாறு சரிக்கட்டினேன். பக்கத்தின் மேல் மூலையில் மூன்று அகரம் வந்து நின்றது. சின்ன அ, நடுத்தர அ, பெரிய அ. பெரிய அகரத்தை அமத்தினால் எழுத்துக் கட்டைவிரல் நகத்தளவுக்கு வந்தது. திரையில் நாலே நாலு பெயர்தான் கொள்ளும்.

திரேசம்மாக்காவுக்கு அந்த நாலு போதும். கம்பியூட்டர் எலியை உருட்டப் பழக்கினேன். வாய் அசைய, ஒவ்வொரு பெயராக வாசிப்பார். நான் பார்த்த பெயர்களை அவர் பார்த்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவதில் இருந்து தொடங்கினார். ஒரு செவ்வாய்க்கு இருநூறு பெயர். கண்ணீர் ஒழுகும், துடைத்துவிட்டுத் தொடருவார். தெரிந்த பெயர் வந்தால் முகம் மலர்ந்துபோகும். இது சூசையின் மகள், தாய் மனிசி அழுதே சாகிறா, போகிற வழியில் சொல்லிவிட்டுப் போகிறேன் என்பார். அப்படி ஏழெட்டு வீட்டுக்கு அவர் நல்ல செய்தி கொண்டுபோயிருக்கிறார். அந்த மாதங்களில் எனக்குக் கொஞ்சம் சந்தோசம் தந்தது அது ஒன்றுதான். நான் செய்த வேலை ஒரு ஆளுக்காவது உதவுகிறது என்று பெருமையும்பட்டேன்.

பங்குனி முடியும்போது, அதாவது மார்ச் கடைசியில், தளத்தில் இரண்டாவது பக்கம் ஒன்று தொடங்க வேண்டியிருந்தது. இறந்தவர்களின் பெயர்களும் துண்டுகளில் வரத் தொடங்கியிருந்தன. இறந்தோர் என்று தலைப்புப் போடத் தலைவர் விடவில்லை. யார் யார் இதைத் திறந்து பார்க்கிறார்கள் என்று தெரியுமா, நாளைக்கு ஆள் பிடிக்க வெள்ளை வான் வந்தால் நீயா போவாய் என்று கேட்டார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் இருந்தது. ஆகவே 'மேலதிக விபரம்' என்று போட்டோம். பெயர், தகப்பன் பெயர், ஊர், திகதி. வேறொன்றும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு விளங்கும். அவசரத்தில் அந்தப் பக்கத்தில் மூன்று அகரத்தையும் வைக்காமல் விட்டேன். அப்போது அது வெறும் சோம்பல்.

சித்திரை இருபத்திரண்டாம் திகதி கன்னியாஸ்திரிமாரில் ஒருவரான சிஸ்டர் எடித் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்து கொண்டுவந்த துண்டுகளில் ஒன்று கொப்பித் தாளில் கிழித்தது. காயப்பட்டு வந்த விடத்தல்தீவுப் பெண் ஒருத்தி எழுதியது. கிறகரி லோறன்ஸ், 26, தோட்டவெளி, சித்திரை 8, மாத்தளன். கீழே, நாங்கள்தான் கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள் என்று எழுதியிருந்தது.

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். பிறகு தட்டினேன். தட்டாமல் விட எனக்கு உரிமை இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் வேலையை அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் செய்யவில்லை. இப்போது அது சோம்பல் இல்லை. திரேசம்மாக்கா பிறர் வாயை நம்ப மாட்டார். சின்ன எழுத்தை வாசிக்க முடியாது. அப்படியானால் அந்தப் பெயரை அவரிடமிருந்து மறைக்கப் பூட்டு ஒன்றும் தேவையில்லை, எழுத்துச் சின்னதாக இருந்தாலே போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது கஷ்டம் என்பார்கள். எனக்கு அது மிக லேசாக இருந்தது.

இருபத்தெட்டாம் திகதி செவ்வாய்க்கிழமை வந்தார். ஒரு நூறு பெயர் வாசித்த பிறகு எலியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பேசாலையில் ஒரு மனிசி தன் தம்பியின் பெயரை வேறு ஏதோ பக்கத்தில் பார்த்ததாகக் கோயிலடியில் கதைத்தார்கள் என்றார்.

"அப்பிடி வேற பக்கம் இருக்கோ பிள்ளை?"

"இல்லை அக்கா" என்றேன். யோசிக்கவே இல்லை. கீரி ஆட்களின் வாய்தான் எனக்கும். "அவை ஏதோ மாறிச் சொல்லுகினம்."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் வாசிக்கத் தொடங்கினார். என்னை அவர் நம்பினார். யாருடைய வாயையும் நம்பாத மனிசி, எலி உருட்டப் பழக்கிய உரிமையில் என்னை நம்பினார். 

அந்த வார முடிவில் பாரிசில் இருந்து ஒரு கடிதம் வந்தது. எழுபத்தொரு வயதுக்காரர். தன் மகளின் பெயரை 'மேலதிக விபரம்' பக்கத்தில், திரைக்கு மேல் பூதக்கண்ணாடி பிடித்துத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். முதற் பக்கத்தில் உள்ள வசதி இந்தப் பக்கத்தில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தார். உயிரோடு இருப்பவர்களின் பெயரைத்தான் பெரிதாகப் பார்க்கலாமோ என்று கேட்டிருந்தார். திட்டவில்லை. நன்றி என்றுதான் முடித்திருந்தார்.

ஒரு மனிசியிடம் மறைக்க, நான் எத்தனை பேருடைய கண்ணைக் குத்திக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை காலை இரண்டாம் பக்கத்திலும் மூன்று அகரத்தை வைத்தேன். பத்து நிமிடம் எடுத்தது. பன்னிரண்டு நாள் செய்யாமல் வைத்திருந்த பத்து நிமிட வேலை. மறுநாள் செவ்வாய். திரேசம்மாக்காவை இருத்தி, பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பது என்று முடிவெடுத்தேன். சிஸ்டர் எடித்தையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் பத்து மணியில் இருந்து ஒரு மணி வரை கதிரையில் இருந்தார்.

திரேசம்மாக்கா வரவில்லை.

அதற்கடுத்த செவ்வாய், வைகாசி பன்னிரண்டாம் திகதி, படியில் கால் தடவுகிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். இடது கண் போன கிழமையே இருண்டுவிட்டதாம். கண்ணுக்குள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னாராம். வலது கண்ணில் சிலந்தி வலை மாதிரி ஏதோ தொங்குகிறதாம். கதிரையைக் கையால் துழாவி இருந்தார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லுவார்கள். சொல்லுகிறவர்களுக்கு வாய் நோகாது.

"அக்கா, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லாதை" என்றார். "காட்டு."

இரண்டாம் பக்கத்தைத் திறந்து, அந்தப் பெயர் நடுவில் வரும்படி வைத்து, பெரிய அகரத்தை அமத்தினேன். முகத்தைத் திரையோடு ஒட்டினார். வலமும் இடமுமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி புகைந்தது, சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தார். கறுப்பாக ஏதோ கிடக்கிறது, இன்னும் பெரிதாக்கு என்றார். இதுதான் ஆகப் பெரிசு என்றேன்.

பிறகு என்னால் தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். லோறன்ஸ் இல்லை அக்கா, மாத்தளனில் சித்திரை எட்டாம் திகதி, கூட இருந்த ஆட்கள்தான் அடக்கம் செய்தார்கள் என்று.  எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் எனக்குத் தெரிகிற மாதிரிக் காட்டு என்றார்.

அலுமாரியில் இருந்து அந்தத் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கடுதாசி என்று சொல்லித் திருப்பித் தந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, திரை முழுக்க ஒரேயோர் எழுத்து வரும்படி தட்டினேன். லோ. அவர் கண்ணைச் சுருக்கி, சுட்டுவிரலால் கொம்பிலும் காலிலும் ஓட்டிப் பார்த்து, வாய்க்குள் சொன்னார். அழித்துவிட்டு அடுத்ததைத் தட்டினேன். ற. பிறகு ன், பிறகு ஸ். நாலையும் வாசித்துவிட்டார். விரலைத் திரையில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது நீ இப்ப தட்டினது" என்றார். "தட்டுற சத்தம் கேட்டது."

"உங்களுக்குத் தெரியவேணும் எண்டு பெரிசாத் தட்டினனான் அக்கா. அந்தப் பக்கத்தில உண்மையாக் கிடக்கு."

"எந்தப் பக்கம்? அப்பிடி ஒரு பக்கம் இல்லையெண்டு நீதானே சொன்னனீ."

நான் இரண்டாம் பக்கத்தைத் திரும்பவும் திறந்தேன்.

"அண்டைக்குச் சொன்னது பொய்யோ, இண்டைக்குச் சொல்லுறது பொய்யோ?"

அன்றைக்குச் சொன்னதுதான் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கீரியில் சொன்னவர்களும் பிறகு அப்படித்தான் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு, முதற் பக்கத்தைத் திற, நான் போனமுறை பெரியமடு ஊர் ஆட்களோடு நிற்பாட்டி விட்டனான் என்றார். திறந்து கொடுத்தேன். எலியைத் துழாவிப் பிடித்து உருட்டினார். எழுத்துகள் அவருக்கு முன்னால் மேலே மேலே போயின. எங்கே நிற்பாட்டுவதென்று தெரியாமல் அரை மணித்தியாலம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போனார்.

சிஸ்டர் எடித்தும் பங்குச் சுவாமியும் தோட்டவெளிக்குப் போனார்கள். அவர் இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்து, சொன்னதெல்லாம் கேட்டிருந்துவிட்டு, சரி என்றாராம். பூசை ஒப்புக்கொடுக்கவா என்று சுவாமி கேட்டதற்கு, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எதற்கு என்றாராம். வெள்ளைச் சீலை உடுக்கவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. ஊரும் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. தாய் ஒத்துக்கொள்ளாத சாவுக்கு எப்படிப் போவது?

நான் கணக்குப் போட்டுப் பார்க்காத நாளில்லை. சித்திரை இருபத்தெட்டாம் திகதி அவர் கண் பெரிய எழுத்துக்குப் போதுமாகத்தான் இருந்தது. நூறு பெயர் வாசித்தார். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் பெரிய அ இருந்திருந்தால், நான் வாயை மூடிக்கொண்டு திறந்துவிட்டிருந்தால், தன் கண்ணால் பார்த்திருப்பார். விழுந்து அழுதிருப்பார். அழுது எழும்பியும் இருப்பார், அவர் அப்படியான மனிசிதான். அவர் உலகத்திடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதைச் செய்ய எனக்கு மட்டுந்தான் தெரியும், நான்தான் செய்யவில்லை.

வைகாசி பத்தொன்பதும் செவ்வாய்தான். முதல் நாள் யுத்தம் முடிந்துவிட்டதென்று அறிவித்திருந்தார்கள். பட்டினத்தில் வெடி கொளுத்தினார்கள். வஸீர் நானா கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டிருந்தார். தலைவர் வரவில்லை. பட்டியல் எட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது, நான் தட்டிக்கொண்டிருந்தேன். சுவரைத் தடவிக்கொண்டு திரேசம்மாக்கா வந்தார். வெடிச் சத்தத்துக்கு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தார்.

கதிரையில் இருந்தார். எலியைத் தேடவில்லை. வலது கண்ணும் இனி உதவாது என்றார். கையை நீட்டி என் கையைப் பிடித்தார்.

"நீ வாசி பிள்ளை. வந்து சேந்த ஆக்களை வாசி. மற்றப் பக்கத்தை வாசியாதை."

"அக்கா, நான் வாசிச்சா நீங்கள் நம்பமாட்டியளே."

"பொய்யெண்டாலும் பறவாயில்லை" என்றார். "வாசி."

முதலாவது பெயரில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். இப்போதும் ஒவ்வொரு செவ்வாயும் வருகிறார், நான் வாசிக்கிறேன். அந்தப் பட்டியலில் பதினொரு லோறன்ஸ் இருக்கிறார்கள். எந்த எந்த இடத்தில் என்று எனக்கு மனப்பாடம். அது கிட்ட வரும்போது என் குரல் கம்மிப்போகும், அதை அவர் கண்டுபிடித்துவிட்டார், பெயர் வருமுன்னமே தலையை நிமிர்த்துவார். லோறன்ஸ் என்பேன். அவருடைய பிடி இறுகும். பிறகு தகப்பன் பெயரை வாசிப்பேன். கையைத் தளர்த்திக்கொண்டு, அடுத்தது என்பார்.